பதினேழாம் நம்பர் வீட்டில் பன்னிரண்டு பேர்

என் வகுப்பை இப்போது எடுக்கும் இளம் ஆசிரியை போன வாரம் வீட்டுக்கு வந்தாள். கையில் புதிதாக அச்சாகி வந்த பூகோளப் புத்தகம். "ஜனத்தொகைக்கு ஒன்றரைப் பக்கந்தான் டீச்சர் போட்டிருக்காங்க. ஒரு பீரியடுக்கே காணாது. நீங்க எப்படி ஒரு பள்ளித் தவணை முழுக்க இழுத்தீங்க?" என்று கேட்டாள்.

இழுத்தேன் என்பது சரியான சொல்தான். பதினெட்டுப் பெண்களைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சந்துகள் வழியாக, கரித்தூளும் மீன் செதிலும் மிதிபட, குசினி குசினியாக இழுத்துக்கொண்டு போனேன். அதை வாயால் சொல்ல என்னால் ஆகாது. இருபத்தெட்டு வருஷம் வகுப்பறையில் கத்தியதில் தொண்டை போய், நாற்பத்தெட்டு வயதில் டாக்டர் சீட்டுடன் ஓய்வுபெற்றவள் நான். எழுதித் தருகிறேன் என்றேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிள்ளானில் பிறந்தேன். படித்த பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்ல நிறுத்திவைத்தார்கள். சனிக்கிழமைதோறும் கோலாலம்பூருக்கு ரயிலேறி ஆசிரியர் பயிற்சிக்கான நார்மல் வகுப்பு. மூன்று வருஷம், இரண்டு நல்ல சேலை, ஒரு குடை, முடிவில் ஒரு சான்றிதழ். பிறகு பிரிக்பீல்ட்ஸில் பெண்கள் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் பூகோள ஆசிரியை. அங்கேதான் கடைசிவரை.

அந்தக் காலத்துப் பாடம் இப்படி நடக்கும்: நான் ஓர் ஊரின் பெயரைச் சொல்வேன், பெண்கள் அதன் ஜனத்தொகையைச் சொல்வார்கள். லிவர்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ. எண்கள் மழைபோல் வந்து ஓட்டில் விழுந்து வழிந்து போயின. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பல வருஷம் நானும் அதைத்தான் பாடம் என்று நம்பினேன். ஒருநாள், ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியாது, மான்செஸ்டரை ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்த ஒரு பெண்ணிடம், "உன் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

அவள் விரல்கள் பாவாடை மடிப்பில் ஒருமுறை அசைந்து நின்றன.

"அம்மா எண்ணக் கூடாதுன்னு சொல்லும் டீச்சர். கண்ணு பட்டுடும்."

யூரேஷியப் பெண் ஒருத்தி சிரித்தாள். சீனப் பெண்கள் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டிலும் கொழுகொழுவென்ற குழந்தையை அசிங்கம், அசிங்கம் என்றுதான் கொஞ்சுவார்கள் என்றாள் ஒருத்தி. தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். உலகத்தின் ஜனத்தொகை தெரிந்த வகுப்பில் தன் வீட்டு ஜனத்தொகையை உரக்கச் சொல்ல ஓர் ஆளில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குள் ஒரு குறுகுறுப்பு. அங்கே தொடங்கியது எல்லாம்.

தலையை எண்ணினால்தானே கண்ணுபடும்? தலையை விட்டுவிட்டோம். அரிசியை எண்ணினோம்.

முறையைச் சொல்கிறேன், என் இளம் தோழி இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். வாசல் பக்கம் போகக் கூடாது. வாசலில் ஆண்கள் நிற்பார்கள், ஆண்கள் சம்பளம் வாங்கும் தலைகளை மட்டும் சொல்வார்கள். பின்பக்கம், அடுப்பெரியும் குசினியின் கதவு. நேரம் பள்ளி விட்டபின், விளக்கு வைக்குமுன். கேட்பது மூன்றே கேள்வி. காலிப் பால் டின்னால் அளந்து, ஒரு வேளைக்கு எத்தனை டின் அரிசி? காலையில் எத்தனை பாய் சுருட்டுகிறீர்கள்? தூளி எத்தனை தொங்குகிறது? அரிசியும் பாயும் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் மறுநாள் வேறு இருவர் போவார்கள். முதல் வாரமே ஒரு வீட்டில் அரிசிக் கணக்கு ஆறு என்றது, பாய்க் கணக்கு நான்கு என்றது. விசாரித்தால், அந்த வீட்டுக்காரர் பட்டறையில் சம்மட்டி அடிப்பவர், மூன்று ஆள் சோற்றை ஒருவரே சாப்பிடுகிறவர். சராசரி என்றால் என்ன, விதிவிலக்கு என்றால் என்ன என்பதை அந்த மனிதரின் வயிற்றைக் கொண்டு விளக்கினேன். ஒருத்திகூட மறக்கவில்லை. சீனக் கடைவீடுகளுக்குச் சீனப் பெண்கள் போனார்கள். அவர்கள் படிக்கட்டடியில் கிடந்த மரக்கட்டைச் செருப்புகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

கேள்விக்கு முன்னால் ஒரு வாக்குறுதியும் உண்டு. வகுப்பில் எல்லோரையும் எழுந்து நின்று சொல்லவைத்துப் பழக்கினேன்: "பேரு எழுத மாட்டோம். இது ஆபீசுக்குப் போகாது. பள்ளிக்கூடப் பாடத்துக்கு மட்டும்." அரசாங்கக் குடிக்கணக்கு எடுப்பவர்களே அப்படிச் சொல்லித்தான் கேட்கிறார்கள், நாமும் சொல்ல வேண்டும் என்றேன்.

எங்கள் தலைமையாசிரியையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெண்கள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். உயரமான ஆங்கிலேயப் பெண்மணி, தவிட்டு நிறச் செருப்பு, இடுப்பு நாடாவில் சாவிக்கொத்து. எந்தக் கடிதத்தையும் கடைசிப் பத்தியிலிருந்து படிப்பார். கேட்க வந்ததை எல்லோரும் கடைசியில்தான் எழுதுகிறார்கள், முன்னால் இருப்பது வணக்கம் என்பார். யோசிக்க வேண்டியிருந்தால் பென்சில் சீவுவார். சின்னக் கத்தியால், ஒரே சீராக, சுருள் உடையாமல். சுருள் விழும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருமுறை பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் தன் மகளின் பரீட்சைத் தாளைப் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். திருத்தி முடியாத தாளை வெளியார் பார்க்கும் வழக்கம் இங்கில்லை என்று சொல்லி, அவருக்கு ஒரு பென்சில் சுருளைக் காட்டி அனுப்பிவைத்தார். நாங்கள் அவருக்குப் பயந்தோம். அந்தப் பயத்தில் நிம்மதியும் கலந்திருந்தது.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் வந்தன. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். கப்பல் கப்பலாகப் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். போக மனமில்லாதவர்கள் ரயில்வேயில் இருந்த அண்ணன் வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் சட்டப்படி ஒரு வீட்டில் வேலைக்காரர், மனைவி, பிள்ளைகள் மட்டும் இருக்கலாம். சட்டம் ஆபீசில் இருந்தது. பாய்கள் வீட்டில் விரிந்தன.

அந்த வருஷத்து வகுப்பில் தனலட்சுமி இருந்தாள். தகப்பனார் ரயில்வேயில் ஃபிட்டர், வீடு பதினேழாம் நம்பர். மூக்கு நுனியில் எப்போதும் மை. கணக்கில் புலி, எல்லோருடைய கூட்டலையும் அவள்தான் சரிபார்ப்பாள். தன் வீட்டுக்கும் அவளே கணக்கெடுத்து, எட்டு டின், பதினோரு பாய், ஒரு தூளி, மொத்தம் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். பெற்றோர், நான்கு பிள்ளைகள், ஆறு. தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை போன சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் நால்வர், இன்னும் ஆறு. சித்தப்பாவுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை அந்த வீடு. கிடைக்காவிட்டால் கப்பல்.

இனி என் தவறு. அதைப் பூசிமெழுகப் போவதில்லை.

ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைத்தோம். நாற்பத்துநான்கு வீட்டுக் கணக்கையும் கட்டுக்காகிதத்தில் ஒட்டுப்போட்டுச் சுவர் நீளத்துக்கு வரைந்தோம். வீட்டுக்கு ஒரு கோடு, ஓர் ஆளுக்கு ஓர் அங்குலம், சிவப்பும் பச்சையுமாக. மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கியது. பெரிய மிஸ் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கோட்டின் கீழும் அது என்ன என்று எழுதியிருக்க வேண்டும், அடையாளமில்லாத கோடு கிறுக்கல் என்றார். வீட்டு நம்பரைப் போடுங்கள் என்று பெண்களிடம் சொன்னேன். பேர் எழுதவில்லையே, வாக்குக் காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். குவார்ட்டர்ஸில் நம்பர்தான் பேர். கடையில் கடன் சொல்வதுகூட "பதினேழுக்கு எழுதிக்க" என்றுதான். ரயில்வேக்காரர் தெருவில் பத்து வருஷம் நடந்தவளுக்கு அது தெரியாமல் போனது எப்படி? மலைத்தொடரின் அழகு கண்ணை மறைத்தது.

விழாவுக்குக் குவார்ட்டர்ஸ் கணக்கெழுதும் குமாஸ்தா, கிராணி என்போம், வந்திருந்தார். எந்த வீடு யாருக்கு, எந்தக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்தில்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. படத்தின் முன் வெகுநேரம் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"பதினேழுல என்ன டீச்சர், கோடு கூரைய முட்டுது?"

"பன்னிரண்டு பேர்."

"பொம்பளப் பிள்ளைங்க எண்ணினது. சரியா இருக்குமா?"

கர்வத்தைத் தொட்டுவிட்டார். பால் டின் முறையை, பாய்க் கணக்கை, மறுநாள் சரிபார்ப்பதை, எல்லாவற்றையும் விளக்கினேன். அரசாங்கக் கணக்குத் தப்பினாலும் எங்கள் கணக்குத் தப்பாது என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டபோதுதான் என் வாய் நின்றது. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் தனலட்சுமி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலை பெரிய மிஸ் அறைக்கு அழைப்பு வந்தது. கிராணி உட்கார்ந்திருந்தார். மேலிடத்தில் வெளியாட்கள் இருக்கும் வீடுகளுக்குப் பட்டியல் கேட்கிறார்கள், பதினேழு மட்டும் தன்னிடம் இருக்கிறது, வியாழக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன், மற்ற வீடுகளுக்காகச் சுருட்டி வைத்த அந்தப் படமும் பெண்களின் நோட்டுகளும் வேண்டும் என்றார். பட்டியல் கொடுக்காவிட்டால் தன் பேரே வேலைநீக்கப் பட்டியலில் ஏறும் என்றார். பொய் சொல்லவில்லை. காலர் நனைந்திருந்தது.

நான் தரமாட்டேன் என்றேன். இந்தப் பெண்கள் நாற்பத்துநான்கு குசினியில் என் வாக்கைச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு இன்றும் திருப்தி.

பெரிய மிஸ் பென்சிலை எடுத்தார். சுருள் நீண்டது, வளைந்தது, மையொற்றும் தாள் மேல் விழுந்தது. நோட்டுகளையும் படத்தையும் கொண்டுவரச் சொன்னார். போச்சு என்று நினைத்துக்கொண்டு கொண்டுவந்தேன். பதினெட்டு நோட்டையும் படத்தோடு அடுக்கிப் பார்த்தார்.

"இவற்றுக்கு நீங்கள் மதிப்பெண் போட்டுவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் இவை திருத்தி முடியாத தாள்கள்" என்று கிராணியிடம் திரும்பிச் சொன்னார். அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தார், பூட்டினார், சாவி இடுப்புக்குப் போனது. எப்போது திருத்தி முடியும் என்று கிராணி கேட்டார். இந்த ஆசிரியை நிதானமாகத் திருத்துகிறவர் என்றார் பெரிய மிஸ்.

கிராணி போனபின் என்னிடம், "அடையாளம் கேட்டது நான். நம்பர் போட்டது நீங்கள். யார் பங்கு எவ்வளவு என்று பிறகு பேசலாம். பிற்பகல் உங்கள் வகுப்பை நான் எடுக்கிறேன். பதினேழுக்குப் போங்கள்" என்றார்.

தனலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தாயார் பாக்கியம் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சித்தி, மடியில் கைக்குழந்தை. நான் நின்றபடியே சொன்னேன். நம்பர் போட்டது, விளக்கியது, வியாழக்கிழமை, எல்லாம்.

பாக்கியம் கீரையைக் கீழே வைத்தார். "எம்மவ இந்த எடத்துல நின்னுதான் டீச்சரம்மா சொன்னா, ஆபீசுக்குப் போகாதுன்னு. நீங்க சொல்லிக் குடுத்த வார்த்தைன்னுதான் எண்ண விட்டேன். சொந்தப் பிள்ளைங்க தலைய நா எண்ணினதில்ல."

"தப்பு என்னுடையதுதான்" என்றேன்.

"ஆமா" என்றார். ஆறுதலாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் பொறுத்திருக்க முடியாது.

ஆறு பேரையும் என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். ஆறு பேர் மூட்டையோடு தெருவில் நடந்தால் வியாழக்கிழமைவரை காத்திருக்கவே வேண்டாம், இப்போதே கொட்டடித்துச் சொன்ன மாதிரி ஆகும் என்று பாக்கியம் தள்ளிவிட்டார். சித்தி அழ ஆரம்பித்தாள். அப்போது தனலட்சுமி சுவரைப் பார்த்தபடி, ஒப்பிக்கும் குரலில் பேசினாள். நோட்டு பெரிய மிஸ் அலமாரியில் இருந்தது. கணக்கு அவள் தலையில் இருந்தது.

"ஒம்பதாம் நம்பர், ரெண்டு டின், ரெண்டு பாய். பிள்ளை இல்ல. சித்தியும் பாப்பாவும் போலாம். முப்பத்தொண்ணு, ஏழு டின், தூளி ரெண்டு. அங்க ஏற்கெனவே எட்டுப் பிள்ளைங்க, இன்னும் ரெண்டு சேர்ந்தா அவங்கம்மாவுக்கே தெரியாது."

சித்தி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பாக்கியம் சிரிக்கவில்லை. எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு பின்சந்துக்குப் போனார். அடுத்த ஒரு மணி நேரம் குசினிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் ஓசைதான். ஜனங்கள் எங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள், எங்கே இடம் இருக்கிறது என்று நான் வரைபடத்தில் கோடு கோடாகக் காட்டிய பாடம் அன்று கால் முளைத்து நடந்தது. சித்தப்பா சாலாக் செலாத்தானில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டக் கொட்டகைக்குப் போனார். சித்தியும் குழந்தையும் ஒன்பதுக்கு. பிள்ளைகளில் இரண்டு பேர் முப்பத்தொன்றுக்கு. மிச்சமிருந்த ஏழு வயதுப் பெண்ணைப் பாக்கியம் என் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"இத நீங்க வச்சுக்குங்க. சோறு கொஞ்சமா தின்னும். ராத்திரி அப்பனத் தேடும்."

தேடியது. நானும் என் தங்கையும் மாறி மாறிக் கதை சொன்னோம்.

வியாழக்கிழமை கிராணி வந்தது வாசல் வழியாக அல்ல. நேரே குசினிக்கு. நான் சொல்லிக்கொடுத்த முறைதானே. எத்தனை டின் போட்டாய் என்று பாக்கியத்தைக் கேட்டார், பானையைத் திறந்து பார்த்தார், மூலையில் பாய்களைப் புரட்டினார். பாய்கள் ஆட்களோடு போயிருந்தன. அரிசியைக் குறைத்துப் போடும்படி தனலட்சுமி காலையிலேயே தாயிடம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருந்தாள். ஆறு பேர். அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் ரயில்வே ஆபீசிலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. பெரிய மிஸ் கடைசிப் பத்தியை எனக்குப் படித்துக் காட்டினார். பதினேழாம் எண் வீட்டைப் பற்றிய பள்ளியின் கணக்கு தவறானது என்று நேரில் கண்டறியப்பட்டது, இனி ஆசிரியர்கள் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நான் படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். கணக்கில் கவனமில்லாதவள் என்று என் கோப்பில் இன்றும் அந்தக் காகிதம் இருக்கிறது. சந்தோஷமாகப் போட்டேன். சித்தியும் பிள்ளைகளும் அதற்குள் ஒவ்வொருவராகப் பதினேழுக்குத் திரும்பியிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பல மாதம் கழித்துக் கிள்ளானில் ஒரு மரவாடியில் வேலை கிடைத்தது. கப்பல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்தச் சந்தோஷத்தை ஏற்காதவள் ஒருத்திதான். படத்தை அலமாரியிலிருந்து எடுத்து, ரயில்வே கடிதத்துக்கு ஏற்ப மாற்றி வரைய வேண்டியிருந்தது. பதினேழின் கோட்டை ஆறு அங்குலமாக்கு என்று தனலட்சுமியிடம் சொன்னேன். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"பன்னிரண்டு டீச்சர். ரெண்டு தடவ பார்த்தது. ஆறுன்னு நான் போட மாட்டேன்."

கோபம் வந்தது எனக்கு, உன் வீட்டைக் காப்பாற்றத்தானே என்று. பிறகு யோசித்தேன். அவள் வீட்டையும் காப்பாற்ற வேண்டும், அவள் எண்ணியதையும் காப்பாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடம் தரும் படம் ஒன்று இருக்கத்தானே வேண்டும். மறுநாள் பழைய படத்தைச் சுருட்டி அடுப்புக்குக் கொடுத்தோம். புதுக் காகிதத்தில் வீட்டுக்கு வீடு கோடு இல்லை. வீட்டு வரிசை ஒன்றுக்கு ஒரு கோடு, நான்கு வரிசைக்கு நான்கு கோடு, அடியில் மொத்தம். கூட்டலைத் தனலட்சுமி மூன்று தடவை போட்டாள். அவள் சித்தப்பா குடும்பத்தில் ஓர் ஆள்கூட விடுபடவில்லை. அன்றிலிருந்து வேலையை விடும்வரை நான் வேறு மாதிரிப் படம் வரைய விடவில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் கிராணி வந்தார். வேலை போகவில்லை, வெள்ளைக் கோட்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. படத்தின் முன் நின்று இடமிருந்து வலம் பார்த்தார், மேலிருந்து கீழ் பார்த்தார். பக்கத்தில் விளக்கம் சொல்லத் தனலட்சுமியை நிறுத்தியிருந்தேன். நான் அருகே போகவில்லை.

"பதினேழு எங்கம்மா?" என்று கேட்டார்.

"கூட்டுத்தொகைக்குள்ள இருக்கு சார்" என்றாள்.

அவர் அந்த எண்ணை ஒருமுறை வாசித்தார். பிறகு, காப்பி எந்தப் பக்கம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.